நவோமியக்காவின் சீட்டுகளில் பட்ட மஞ்சள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ரூட் எய்ட்டீனை ஒட்டினாற்போல ஒரு பழைய செங்கல் அபார்ட்மென்ட். அதன் கீழ்த்தளத்து வீட்டுக்கு மான்மவுத் ஜங்ஷனிலிருந்தெல்லாம் தமிழ்ப் பெண்கள் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள். கண்மணியிடம் ரவிக்கை தைத்துக்கொள்ளத்தான். கோபிப் பக்கத்துக்காரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் துணியை விரித்து சாக்கட்டியைக் கையில் எடுத்தாள் என்றால் ஸ்கேலே வேண்டாம், கோடு நூல் பிடித்தாற்போல ஓடும். புருஷன் நஞ்சப்பன் மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஒரே மகள் சண்முகப்ரியா, செவன்த் கிரேடு.

கண்மணி சாமிக்குப் பயந்தவள். பயம் என்பதைவிடப் பாசம் என்று சொல்லலாம். அடுப்படி அலமாரி ஒன்றைக் காலி செய்து அதிலேதான் முருகனையும் அங்காளம்மனையும் வைத்திருந்தாள். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் சரி, வீட்டிலிருந்து முக்கியமான காகிதம் எது வெளியே போனாலும் சரி, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தொட்டு வைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோலத்தான். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணின காகிதத்துக்கும் அப்படியே வைத்தாள். வக்கீல் ஆபீசிலிருந்து போன் போட்டு, "டீ கொட்டிடுச்சா?" என்று கேட்டார்கள். நஞ்சப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "ஆமாம் சார், டீதான்" என்றார். கிரீன் கார்டு வந்துவிட்டது. அதில் மஞ்சளுக்குப் பங்கில்லை என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது?

மாடி வீட்டில் நவோமி என்ற யூத அம்மாள் தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். கண்மணிக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானது லாண்டரி அறையில். டிரையரில் துணி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே ஒரு ரவிக்கைத் துணியை விரித்து கண்மணி கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நவோமி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார்.

"காகிதத்திலும் இப்படி வருமா?" என்று கேட்டார்.

அவர் பேசுவது இங்கிலீஷ். கண்மணிக்கு அதில் முக்கால்வாசி விளங்கும். விளங்காததை அவர் கையைக் காட்டி, படம் போட்டு விளங்க வைத்துவிடுவார். டீச்சர் அல்லவா. கண்மணி முதலில் மேடம் என்றாள், அப்புறம் நவோமியக்கா என்றாள். அக்கா என்றால் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு அவருக்கு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் பிடிக்கவில்லை.

நவோமியக்காவின் கை நடுங்கும். மணிக்கட்டை ஒரு மணல் பையின் மேல் வைத்துக்கொண்டால் வண்ணம் பூச முடியும், கோடு மட்டும் போட முடியாது. அவர் பல வருஷமாக ஒரு சீட்டுக்கட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். டாரோ சீட்டு; அந்த ஊரில் சிலபேர் குறி பார்க்க வைத்துக்கொள்வது. கலிஃபோர்னியாவில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை அச்சுப் போட ஒப்புக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் இரட்டைக் கோடு வேண்டும். அடியில் பத்து வட்டமும் அவற்றைச் சேர்க்கிற பாதைகளும் மெல்லிசாகத் தெரிய வேண்டும். அதைப் போட்டுத் தருகிறாயா என்றுதான் கேட்டார்.

சீட்டு என்றதும் கண்மணிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வீட்டில் சொன்னபோது நஞ்சப்பன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பறம் கிளி எங்க, அம்மிணி? மேல கூண்டு கீண்டு இருக்குதா?" என்றார்.

"சும்மா இருங்க. அவங்க அந்த மாதிரி ஆளில்லைங்க."

"நெல்லு வேணும்னா சொல்லு, ஒரு பை வாங்கியாறேன்."

சண்முகப்ரியா, "டாட், ஸ்டாப்" என்று சிரித்தாள்.

மறுநாள் கண்மணி நேராகக் கேட்டேவிட்டாள். "அக்கா, திஸ் கார்டு, ஃப்யூச்சர் சொல்றதா?"

நவோமியக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "சிலபேர் அதற்கு வைத்துக்கொள்கிறார்கள். நான் இல்லை. ஒன்றை எடுத்து முன்னால் வைத்து அமைதியாக உட்கார்வதற்கு" என்றார். பிறகு கட்டிலேயே முக்கியமான பெரிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். ஆண்டவன் உலகத்தைப் பேசித்தான் படைத்தான். பேசுவதற்கு எழுத்து வேண்டும். எங்கள் ஹீப்ரு எழுத்து இருபத்திரண்டு, பெரிய சீட்டும் இருபத்திரண்டு, சீட்டுக்கு ஓர் எழுத்து. இந்தப் பத்து வட்டமும் பத்து விளக்கு மாதிரி. மேலே இருப்பதிலிருந்து வெளிச்சம் ஒவ்வொன்றாக இறங்கி நம்மிடம் வருகிறது. மற்ற கட்டுகளில் உயரமான கோபுரம் இருக்கிற ஒரு படத்தில், இவர் கட்டில் உடைந்த பானைகள் இருந்தன. ஆரம்பத்தில் அந்த வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்துபோயின, சில்லுகளில் ஒட்டிக்கொண்ட வெளிச்சத்தைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் மனுஷன் வேலை என்றார்.

"எங்கள் ஆட்களிலேயே எல்லாருக்கும் இது பிடிக்காது. என் அண்ணன் சாமி விஷயத்தில் கண்டிப்பானவன். சாமியைக் கொண்டுபோய்ச் சீட்டில் போட்டுவிட்டாயே என்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

கண்மணி சிரிக்கவில்லை. உடைந்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவளுடைய வழியில் விளங்கிவிட்டது. இது சாமிக் காகிதம்.

அன்றிலிருந்து ரவிக்கை வேலை முடிந்ததும் மாடிக்குப் போவாள். குளித்துவிட்டுத்தான் போவாள். கோலத்தில் புள்ளியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழகின கை; நவோமியக்காவின் கோடு புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேராகப் போய்த் தொட்டு நின்றது. முதலில் அப்படிப் புள்ளியைத் தொடுவது அவளுக்குச் சாமியை இடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. பழகிவிட்டது. ஒருவர் கோடு போட, ஒருவர் வண்ணம் பூச, ரெண்டு பேரும் அதிகம் பேசாமல் இருப்பார்கள். அந்த ஊருக்கு வந்த பிறகு கண்மணி சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம், இலை கொட்டுகிற காலத்தில் இருபத்திரண்டும் முடிந்தன. அவற்றை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நியூ பிரன்ஸ்விக்கில் கர்டிஸ் என்று ஒருவர் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். படங்களை நிறம் மாறாமல் போட்டோ எடுப்பதில் கெட்டிக்காரர். நவோமியக்கா டீச்சராக இருந்த நாளிலிருந்து பழக்கம். அவர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் ஃப்ளோரிடாவிலிருந்து நவோமியக்காவின் தங்கை பாத்ரூமில் விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. அவர் படங்கள் இருந்த பெரிய அட்டைப் பையைக் கண்மணி கையில் கொடுத்து, "காலையில் கர்டிஸ் வருவார், கொடுத்துவிடு" என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

காலையில் நஞ்சப்பனும் மகளும் போன பிறகு கண்மணி விளக்கேற்றினாள். பையை அலமாரிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். இவ்வளவு நாள் பாடுபட்டது. முதன்முதலாக வாசலைத் தாண்டிப் போகிறது. வெறுமனே எப்படி அனுப்புவது? மஞ்சளைக் குழைத்தாள். படங்களைப் பத்திரிகைக்கட்டுபோல விசிறி அடுக்கி, மோதிர விரலால் மூலை மூலையாக மளமளவென்று தொட்டுக்கொண்டே போனாள். வாயில் முருகன் பேர்.

ஏழாவது படத்துக்கு வந்தபோதுதான் முதல் படத்தின் மேல் கண் போனது. அது பத்திரிகைக் காகிதம் இல்லையே. வண்ணம் குடிக்கிறதற்கென்றே செய்த தடிக் காகிதம். மஞ்சளையும் குடித்துவிட்டது. பொட்டாக வைத்தது பூவாக விரிந்து, அவள் போட்ட இரட்டைக் கோட்டைத் தாண்டி ஆகாயத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மஞ்சள் இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று படத்தில் நீலமும் கரைந்து கூடவே வந்தது. துணியை வீசிவிட்டு நின்றபோது காலிங் பெல் அடித்தது.

கர்டிஸ் உயரமான கறுப்பு மனிதர், நரைத்த மீசை. உள்ளே வரும் முன் காலைத் துடைத்தார். கண்மணி படங்களைப் பையில் போட்டு மூடிவிட்டிருந்தாள். அதை வாங்கும்போது அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டார். ரெண்டு கையையும் நீட்டி, குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்.

"குட் டே, மேம்" என்றார்.

கண்மணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

நவோமியக்கா திரும்பி வந்த பிறகு கர்டிஸ் எடுத்த போட்டோ ஸ்லைடுகள் தபாலில் வந்தன. கண்மணி அங்கே இருக்கும்போதுதான் பிரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர், ஒன்றில் நின்றார். அடுத்ததை எடுத்தார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க மாட்டாமல் கண்மணி தரைவிரிப்பைப் பார்த்தாள்.

கர்டிஸே கூட ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார், பை திறந்தபோதே இந்தக் கறை இருந்தது என்று. நவோமியக்கா அதை நம்பவில்லை. போனை எடுத்தார்.

"கர்டிஸ், நீ மேஜை மேலேயே சாப்பிடுவாய், எனக்குத் தெரியும். அந்த சாசேஜ் பிரெட், மஸ்டர்டு வழிய வழிய. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?"

இந்த ஊர் மஸ்டர்டு என்பது மஞ்சளாக இருக்கும் கடுகு விழுது. அந்தப் பக்கம் அவர் ஏதோ நிதானமாகச் சொன்னார். நவோமியக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்மணியிடம் திரும்பினார்.

"நீ கொடுக்கும்போது சுத்தமாகத்தானே இருந்தது?"

"எஸ் அக்கா" என்றாள் கண்மணி.

"சுத்தமாக இருந்ததாம்" என்றார் நவோமியக்கா போனில். "திங்கட்கிழமை வந்து என் படங்களை எடுத்துக்கொள்கிறேன். இனி உன்னிடம் வேலை இல்லை."

கண்மணி சொன்ன அந்த ஒரு வார்த்தை, எஸ். அதைச் சொல்லும்போது அவளுக்கு வலிக்கக்கூட இல்லை, தானாக வந்துவிட்டது. வலி அப்புறம்தான் ஆரம்பித்தது. அலமாரியைத் திறந்தாள், முருகன் முகத்தைப் பார்க்க முடியாமல் மூடிவிட்டாள். சாம்பாருக்கு மஞ்சள் போடக் கை வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ரெண்டு கை நீட்டி வாங்கின மனுஷன் மேல் பழியைப் போட்டோமே என்று அரிசி களையும்போது நினைப்பாள், ஊசியில் நூல் கோக்கும்போது நினைப்பாள்.

நஞ்சப்பனிடம் சொன்னாள்.

"நீ வேணும்னா செஞ்சே? பக்தியில செஞ்சது. அவங்களே மஸ்டர்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க. விட்டுப்போடு கண்ணு. அந்தாளுக்கு வேற வேலை கெடைக்காதா?"

"இல்லைங்க. எங்கிட்டக் கேட்டாங்க. நான் பொய் சொல்லிப்போட்டனுங்க."

"இப்பப் போயிச் சொன்னா, இத்தன நாள் ஏன் சொல்லலைம்பாங்க."

"அதானுங்க பயம்."

அவர் மனசு கெட்ட மனுஷரில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அப்படிச் சொன்னார். ஆனால் அவளுக்குள் இன்னொன்றும் இருந்தது, அதை அவரிடமும் சொல்லவில்லை. மஞ்சள் கறை எதற்கு அடங்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? சோப்புக்குப் போகாது. நல்ல வெயிலில் காயப்போட்டால் தானாக வெளுத்துவிடும். மஞ்சள் பட்ட வேட்டியை அம்மா பாறைமேல் விரித்துப் போட்டு எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். இதைச் சொன்னால் படம் பிழைக்கலாம். சொன்னால் அது மஞ்சள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதனால் சொல்லவில்லை. இதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நவோமியக்கா ஒரு பின்னல் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே வந்தார். அன்று சாயங்காலம் அவர்கள் விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சுடுகிற ரொட்டி.

"உனக்கு" என்றார். "நம்பிக் கொடுக்க இந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்தி இருக்கிறாள்."

கண்மணி வாங்கி வைத்தாள். அந்த ரொட்டியை அவளால் தின்ன முடியவில்லை. சண்முகப்ரியா வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு, "அம்மா, இட்ஸ் ஸோ குட், ஒய் ஆர் யூ நாட் ஈட்டிங்?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை கண்ணு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நவோமியக்கா கூப்பிட்டனுப்பினார். கெட்டுப்போன ஏழையும் மறுபடி வரையப்போகிறாராம். புதுக் காகிதம் வெட்டி வைத்திருந்தார். பழைய பென்சில் படத்தைப் பார்த்து ஒரு பானைச் சில்லுக்கு வண்ணம் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். மணல் பைமேல் கை இருந்தும் தூரிகை துள்ளியது. ஒரு சில்லு, அடுத்த சில்லு, நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அந்த ஆகாயம் மறுபடி எனக்கு வருமா என்று தெரியவில்லை" என்றார் தனக்குத்தானே.

கண்மணி ஸ்கேலைக் கையில் எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். முதல் கோடு பாதி போனது. அவ்வளவுதான். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து கீழே போனாள். போன வேகத்தில் அடுப்படியிலிருந்து மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வெட்டிப் போட்ட காகிதத் துண்டு ஒன்றின் மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்து, அது விரிவதை நவோமியக்காவுக்கு முன்னால் நகர்த்தினாள்.

"நாட் கர்டிஸ், அக்கா. மீ. மார்னிங், காட் முன்னாடி வெச்சு... எங்க கஸ்டம். ஆல் குட் பேப்பர், ஃபோர் கார்னர், திஸ். பிகாஸ் யுவர் பேப்பர், காட் பேப்பர்."

நவோமியக்கா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகர்ந்து பார்த்தார்.

"ஆசீர்வாதமா?" என்று கேட்டார்.

"எஸ்."

"நான் கேட்டேனே. போன் என் கையில் இருந்தது. உன்னைக் கேட்டேன்."

கண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று வெயிலைக் காட்டி, கையை விரித்து, மஞ்சள் வெயிலில் போய்விடும் என்று சொன்னாள். இதற்கு நல்ல பேர் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை, கிடைக்கவும் இல்லை.

"இதுவும் உனக்குத் தெரியும்" என்றார் நவோமியக்கா மெதுவாக. "நான் இந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரிந்திருந்தது."

கண்மணி மஞ்சள் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

நவோமியக்கா சத்தம் போடவில்லை. கார்ச் சாவியை எடுத்தார், கோட்டை மாட்டினார், "வா" என்றார். ஞாயிற்றுக்கிழமையானாலும் கர்டிஸ் ஸ்டூடியோவில்தான் இருந்தார். கதவைத் திறந்து ரெண்டு பேரையும் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டார்.

"நாளைக்கல்லவா வருவதாகச் சொன்னாய், நவோமி?"

கண்மணி முன்னால் வந்தாள். வழியில் இங்கிலீஷில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "மிஸ்டர் கர்டிஸ், யெல்லோ, மை ஹேண்ட். நாட் யூ. ஷீ ஆஸ்க், ஐ டெல் லை. ஸாரி" என்றாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது. மறுபடியும் "ஸாரி" என்றாள்.

"முதல் தடவையே கேட்டுவிட்டது, மேம்" என்றார் அவர். அதில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. அவள் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அவர் பார்வை கண்மணிமேல் நிற்கவில்லை, நவோமியக்காமேல் போய் நின்றது.

"இவரை எனக்கு நேற்றுத்தான் தெரியும் என்று வை. என்னை உனக்கு எத்தனை காலமாகத் தெரியும்? மஸ்டர்டு என்று சொன்னாயே. கேட்கக்கூட இல்லை, சொன்னாய்."

நவோமியக்கா கார்ச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டார். "ஆமாம். நான் கேட்கவில்லை" என்றார். "அது என் தப்பு கர்டிஸ். அவளுடையது இல்லை."

கர்டிஸ் உள்ளே போய் ஒரு மேஜையின் விளக்கைப் போட்டார். அங்கே ஏழு படங்களும் தனித்தனியாகக் காகிதம் போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பஞ்சு, மெல்லிய தூரிகை, ஏதோ தண்ணீர். வேலை இல்லை என்று நவோமியக்கா போனை வைத்த பிறகும் அந்த மனுஷன் கறையை எடுக்க முடியுமா என்று தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மூலை கொஞ்சம் வெளுத்தும் இருந்தது.

கண்மணியால் படத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் வரைக்கும் சுத்தமாக இருந்தன.

நவோமியக்கா வெயில் விஷயத்தைச் சொன்னார். "வண்ணமும் வெளுக்குமே" என்றார் கர்டிஸ். யோசித்துவிட்டுக் கறுப்புக் காகிதம் எடுத்து வந்தார். படத்தை மூடி, கறை பட்ட மூலையை மட்டும் திறந்து வைக்க வேண்டும். யாரும் சொல்லாமலே கண்மணி கத்திரிக்கோலை எடுத்து ஒவ்வொரு கறைக்கும் அளவாகக் காகிதத்தை வெட்டினாள். அவர் வாங்கி வைத்து ஓரத்தை ஒட்டினார். நாலு படத்தைத் தெற்கு ஜன்னலில் சாய்த்து வைத்தார்கள். நீலம் கரைந்த மூன்றுக்கும் வெயிலால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவற்றைத் திருப்பிப் பைக்குள் போட்டார்.

"இந்த மாதத்து வெயிலுக்கு நாளாகும். போகிறதோ இல்லையோ தெரியாது" என்றார். "மீதி மூன்றை வரைந்தால் நீயே கொண்டுவந்து கொடு, நவோமி."

நீயே என்பதை அவர் அழுத்தவில்லை. அழுத்தாமலே கண்மணிக்கு விளங்கியது. அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.

திரும்பும்போது நவோமியக்கா காரில் எப்போதும் வைக்கிற ரேடியோவை வைக்கவில்லை. அபார்ட்மென்ட் வாசலில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கண்மணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"அக்கா, டுமாரோ நான்..."

நவோமியக்கா மாடிப்படியில் ரெண்டு படி ஏறியிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "மூன்று தாள் இருக்கிறது. கோடு போட வேண்டும்" என்றார். பிறகு, "வந்ததும் கையைக் கழுவிவிட்டு உட்கார்" என்றார்.

"சரிங்க்கா" என்றாள் கண்மணி. அவர் மேலே போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.